மயோர்க் மரபணு: தசையின் பெயரைத் தாங்கிய மூளை நோய் மரபணுவின் வரலாறு

மயோர்க் என்பது மனிதரின் 9ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில் அமைந்துள்ள ஒரு மரபணு ஆகும். இது 714 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்துக்கான குறிப்பைத் தாங்கியுள்ளது. அப்புரதம் சர்க்கரைப் பிணைப்புகளை வெட்டும் நொதி வகையைச் சேர்ந்தது. "தசையாக்கத்தை ஒழுங்குபடுத்தும் கிளைக்கோசைடேஸ்" என்ற நீண்ட பெயரின் சுருக்கமே மயோர்க். பெயரைக் கேட்பவர் இதைத் தசை நோய்களுடன் தொடர்புடைய மரபணு என்றே எண்ணுவார். ஆனால் இம்மரபணுவின் இரு படிகளும் பழுதடைந்தவர்களுக்கு ஏற்படுவது தசை நோய் அன்று. அவர்களின் மூளைக்குள் கால்சியம் படிந்து, பேச்சு குழறி, நடை தள்ளாடுகிறது. மூளையிலிருந்து எடுக்கப்பட்டு, தசையில் ஆராயப்பட்டு, மீண்டும் மூளைக்கே திரும்பி வந்த மரபணு இது. இந்தச் சுற்றுப் பயணத்துக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. அது இணைந்துகொண்ட நோயின் வரலாறோ அதைவிட மிகப் பழையது.

மூளைக்குள் சுண்ணம்

பிரெஞ்சு மருத்துவர் டெலாகூர் 1850இல் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அவருக்குக் கால்களில் விறைப்பும் வலுவின்மையும் நடுக்கமும் இருந்தன. இறந்தபின் மூளையை அறுத்துப் பார்த்தபோது, அதன் ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் சுண்ணம் பூசியதுபோல் கெட்டியாகி இருந்தன. 1855இல் பாம்பர்கரும், அதே காலத்தில் ருடால்ஃப் விர்ஷோவும் இத்தகைய படிவுகளை நுண்ணோக்கியில் கண்டு விவரித்தனர். அக்காலத்தில் இவற்றைக் காண வேண்டுமெனில் நோயாளி இறந்திருக்க வேண்டும். ஆகவே அரை நூற்றாண்டுக்கு மேல் இது நோயியல் கூடத்தின் விந்தையாகவே இருந்தது.

இந்நோய்க்கு நெடுநாள் ஒட்டிக்கொண்ட பெயர் ஃபார் நோய். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து நோயியலாளர் கார்ல் தியோடர் ஃபார் 1930இல் வெளியிட்ட ஒரு நோயாளி விவரமே அதற்குக் காரணம். நீண்ட காலம் மறதி நோயால் துன்புற்று இறந்த 81 வயது முதியவரின் மூளை அது. ஃபார் உண்மையில் சிறுநீரக நோயியலில்தான் புகழ்பெற்றவர். சிறுநீரக வீக்க நோய்களை ஃபிரான்ஸ் ஃபோல்ஹார்டுடன் இணைந்து வகைப்படுத்தி 1914இல் நூல் வெளியிட்டவர். அவர் விவரித்த மூளையில் கால்சியம் பெரும்பாலும் வெண்பொருளின் குழாய்களில் படிந்திருந்ததே ஒழிய, பிற்காலத்தில் ஃபார் நோய் எனப்பட்ட வடிவத்தில் இல்லை. இத்தகைய படிவை முதலில் கண்டவரும் அவர் அல்லர். ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகள் இப்பெயரைத் தவிர்த்து, "முதன்மைக் குடும்ப மூளைச் சுண்ணமேற்றம்" என்றே குறிக்கின்றன. மருத்துவமனைச் சீட்டுகளில் மட்டும் ஃபார் இன்றும் வாழ்கிறார்.

1930களில் மண்டையோட்டு எக்ஸ்ரே படங்களில் இந்தப் படிவுகள் தென்படத் தொடங்கின. அதே பத்தாண்டின் இறுதியில் ஒரு முக்கியமான வேறுபாடும் தெளிவாயிற்று. கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகள் சரிவர இயங்காதவர்களுக்கும் மூளையின் இருபுறமும் சமச்சீராகக் கால்சியம் படிகிறது. அவர்களின் இரத்தத்தில் கால்சியம் குறைந்தும் பாஸ்பேட் மிகுந்தும் இருக்கும். இவ்வகைக்கு மருந்து உண்டு. கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்தால் வலிப்பும் தசை இழுப்பும் பெரிதும் அடங்கும். இன்றும் ஸ்கேனில் படிவு தெரிந்த ஒருவருக்கு மரபணுச் சோதனையைப் பற்றிப் பேசுமுன் எளிய இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதற்கு இதுவே காரணம். இதைத் தவறவிட்டால், தீர்க்கக்கூடிய ஒரு குறைபாட்டைத் தீராத பரம்பரை நோய் என்று முத்திரை குத்திவிடும் ஆபத்து உண்டு.

இரத்தத்தில் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு சுரப்பு ஆகிய எல்லாம் இயல்பாக இருந்தும் மூளையில் மட்டும் சுண்ணம் படியும் குடும்பங்கள் தனியே எஞ்சின. 1971இல் மாஸ்கோவிட்ஸ் குழுவினர் அத்தகைய ஒரு குடும்பத்தை வளர்சிதை மாற்ற நோக்கிலும் மரபியல் நோக்கிலும் ஆராய்ந்து வெளியிட்டனர். அதே ஆண்டில்தான் லண்டனில் முதல் நோயாளியின் மூளை கணினி வழிக் குறுக்குவெட்டுப் படமாக எடுக்கப்பட்டது. சிடி ஸ்கேன் பரவியதும் நிலைமை தலைகீழாயிற்று. கால்சியம் சிடி படத்தில் எலும்பைப் போலப் பளிச்சென வெண்மையாகத் தெரியும். விபத்தில் தலையில் அடிபட்டவர், தலைவலி என்று வந்தவர் என எதிர்பாராத பலரிடம் படிவுகள் தென்பட்டன. முதியோரிடம் சிறு புள்ளிகளாகக் காணப்படுபவை பெரும்பாலும் தீங்கற்றவை. எது முதுமை, எது நோய் என்று பிரிப்பதே புதிய சிக்கலாயிற்று.

தவறான குரோமோசோமில் ஒரு தேடல்

1999இல் டேனியல் கெஷ்விண்ட் குழுவினர், பல தலைமுறைகளாக இந்நோய் தொடர்ந்த ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, காரணம் 14ஆம் குரோமோசோமின் நெடுங்கையில் இருப்பதாக அறிவித்தனர். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வரக்கூடிய ஓங்கு முறைப் பரம்பரை அது. அடுத்த பத்தாண்டுக்கு மேலாக அப்பகுதியில் உள்ள மரபணுக்கள் ஒவ்வொன்றாகச் சலிக்கப்பட்டன. ஒன்றும் கிட்டவில்லை. வேறு குடும்பங்களில் அந்த இடத்தோடு தொடர்பே காணப்படவில்லை.

விடை 2012இல் சீனாவின் வூஹான் நகரிலிருந்து வந்தது. ஜிங்-யூ லியூ குழுவினர் 8ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்எல்சி20ஏ2 என்ற மரபணுவின் சடுதிமாற்றங்களைக் காரணமாகக் காட்டினர். பாஸ்பேட்டைச் செல்லுக்குள் எடுத்துச் செல்லும் ஒரு வாயிலை உருவாக்குவது அந்த மரபணு. மூளையில் படிவது வெறும் கால்சியம் அன்று, கால்சியம் பாஸ்பேட். பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் கதவு பழுதானால் அது செல்லுக்கு வெளியே தேங்கி, கால்சியத்தோடு சேர்ந்து இறுகும் என்பது எளிதில் விளங்கக்கூடிய விளக்கமாக இருந்தது. 14ஆம் குரோமோசோமைச் சுட்டிய பழைய குடும்பத்திலும் காரணம் இதே மரபணுதான் என்பது பின்னர் தெரியவந்தது. புள்ளியியல் காட்டிய திசையில் பத்தாண்டுக்கு மேல் நடந்தது வீண் நடை.

அதன் பின் கண்டுபிடிப்புகள் விரைந்து வந்தன. 2013இல் இரத்தக் குழாய்ச் சுவரின் துணைச் செல்களோடு தொடர்புடைய இரு மரபணுக்கள், பிடிஜிஎஃப்ஆர்பியும் பிடிஜிஎஃப்பியும், சேர்ந்தன. 2015இல் எக்ஸ்பிஆர்1 சேர்ந்தது. இது பாஸ்பேட்டைச் செல்லிலிருந்து வெளியேற்றும் கதவு. இவற்றில் இரண்டுக்கு வேடிக்கையான முன்கதை உண்டு. எஸ்எல்சி20ஏ2, எக்ஸ்பிஆர்1 ஆகிய இரண்டின் புரதங்களும் முதன்முதலில் அறியப்பட்டது எலிகளின் ரெட்ரோவைரஸ்கள் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் கைப்பிடிகளாகத்தான். பாஸ்பேட் வேலை பின்னால் தெரிந்தது. எக்ஸ்பிஆர்1 என்ற பெயரில் இன்றும் அந்த வைரஸ்தான் இருக்கிறது. மரபணுவுக்குப் பெயர் வைப்பவர், அதை முதலில் எங்கே கண்டாரோ அந்த இடத்தையே பெயராக்கிவிடுகிறார். மயோர்க்குக்கும் அதுவே நடந்தது.

நான்கு மரபணுக்கள் கிடைத்தும் ஓர் இடைவெளி எஞ்சியது. நான்குமே ஓங்கு முறையில் வருபவை. ஆனால் நோய்வாய்ப்பட்ட பலருடைய பெற்றோர் நலமாக இருந்தனர். உடன்பிறந்தோரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டும் நோய் இருந்தது. அத்தகையோரிடம் இந்த நான்கு மரபணுக்களிலும் மாற்றம் ஏதும் காணப்படவில்லை. பெற்றோரிடம் நோய் இல்லாதபோது இது பரம்பரையாக வந்ததன்று என்று சொல்லிவிடுவது எளிது. நோயாளியின் தங்கைக்கோ தம்பிக்கோ அடுத்து என்ன நேரும் என்ற கேள்விக்கு அந்தப் பதிலில் இடமில்லை.

ஒரே மரபணு, மூன்று பெயர்கள்

இதற்கிடையில் மயோர்க் வேறு எங்கோ வளர்ந்துகொண்டிருந்தது. 1990களில் ஜப்பானின் சிபா மாகாணத்தில் உள்ள கசுசா டிஎன்ஏ ஆய்வு நிறுவனம், மனிதச் செல்களில் உருவாகும் நீளமான தூது ஆர்என்ஏக்களைப் படியெடுத்து அவற்றின் வரிசையைப் படிக்கும் பெருந்திட்டம் ஒன்றை நடத்தியது. வேலை தெரியாத மரபணுக்களுக்குக் கேஐஏஏ என்ற முன்னொட்டும் ஓர் எண்ணும் தரப்பட்டன. தொடக்கத்தில் இரத்தப் புற்றுநோய்ச் செல்களையும் பின்னர் பெரும்பாலும் மூளைத் திசுவையும் பயன்படுத்தினர். அந்தப் பட்டியலில் ஒன்றுதான் கேஐஏஏ1161. மனித மரபணுத் தொகுதி முழுமையாக வாசிக்கப்படாத காலத்தில், இந்த எண்கள் மட்டுமே பல மரபணுக்களுக்குக் கிடைத்த முதல் அடையாளம். ஆயிரக்கணக்கான எண்களுள் ஒன்றாக அது சில ஆண்டுகள் கிடந்தது.

இரண்டாம் பெயர் அமெரிக்காவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கிடைத்தது. அங்கு லாரி ஜெரேஸின் ஆய்வகம் செல்லின் உட்கருவைச் சூழ்ந்த உறையை ஆராய்ந்துவந்தது. அந்த உறை அப்போது மருத்துவ உலகின் கவனத்தைப் பெற்றிருந்தது. எமரி-டிரைஃபஸ் தசைநலிவு நோய்க்குக் காரணமான எமரின் என்ற புரதம் 1994இல் அடையாளம் காணப்பட்டது. அது உட்கரு உறையில் இருப்பது அடுத்துத் தெரிந்தது. 1999இல் உறையின் உட்புறச் சட்டகமான லேமின் புரதமும் அதே நோயை உண்டாக்கலாம் எனத் தெரிந்தது. உட்கரு உறை பழுதானால் ஏன் தசை நலிய வேண்டும் என்பது அன்று பெரும் புதிர். உறையில் வேறு என்னென்ன புரதங்கள் இருக்கின்றன என்று முழுமையாக எண்ணிப் பார்த்தால் வேறு தசை நோய்களுக்கும் வழி திறக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது.

எரிக் ஷிர்மரும் சகாக்களும் எலியினத்தின் கல்லீரல் செல்களிலிருந்து உட்கரு உறைகளைப் பிரித்தெடுத்து, அவற்றின் புரதங்களை நிறை நிறமாலையியல் முறையில் பட்டியலிட்டனர். செல்லின் பிற சவ்வுகளிலும் தென்பட்டவற்றைப் பட்டியலிலிருந்து கழித்தனர். கழித்தபின் எஞ்சியவற்றில், முன்பு அறியப்படாத 67 சவ்வுப் புரதங்கள் இருந்தன. 2003இல் வெளியான அக்கட்டுரை, அவற்றில் 23 புரதங்களின் மரபணுக்கள் நலிவு நோய்களோடு தொடர்புபடுத்தப்பட்டிருந்த குரோமோசோம் பகுதிகளில் விழுவதைச் சுட்டிக்காட்டியது. இப்புரதங்கள் "நெட்" என்ற சுருக்கத்தோடு எண்ணிடப்பட்டன. கேஐஏஏ1161இன் புரதம் இங்கே நெட்37 ஆயிற்று.

தசையை நோக்கிய திருப்பம் அங்கிருந்தே வந்தது. ஆய்வகத்தில் வளர்க்கப்படும் சி2சி12 என்ற எலித் தசை முன்னோடிச் செல்களுக்கு ஊட்டத்தைக் குறைத்தால் அவை பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட தசை இழைகளாக மாறும். இம்மாற்றத்தின்போது எந்த நெட் புரதங்களின் அளவு கூடுகிறது என்று ஜெரேஸ் குழுவினர் பார்த்தனர். கூடியவற்றில் நெட்37 ஒன்று.

2009இல் கௌஷிக் தத்தா, டிங்லூ குவான், ஜெரேஸ் ஆகியோர் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய பெயருக்கு அடிப்படை. நெட்37 உருவாவதைத் தடுத்தபோது தசைச் செல்கள் சரிவர முதிரவில்லை. இயல்பான நெட்37ஐத் திரும்பக் கொடுத்தபோது முதிர்ச்சி மீண்டது. ஆனால் நொதியின் வெட்டும் மையம் எனக் கருதப்பட்ட ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய வடிவத்தைக் கொடுத்தபோது மீளவில்லை. அதாவது இப்புரதம் அங்கே இருந்தால் மட்டும் போதாது, நொதியாக வேலையும் செய்ய வேண்டும். அதன் நொதிப் பகுதி உட்கரு உறையின் இரு படலங்களுக்கு இடையிலும் அதோடு தொடர்ச்சியாக உள்ள எண்டோபிளாச வலையின் உட்புறத்திலும் நீட்டிக்கொண்டிருக்கிறது. செல்லிலிருந்து வெளியே அனுப்பப்படும் புரதங்கள் மடிந்து தயாராகும் இடம் அது. தசை வளர்ச்சிக்குத் தேவையான இன்சுலின் ஒத்த வளர்ச்சிக் காரணி-2இன் முன்வடிவத்தோடு நெட்37 ஒட்டிக்கொள்வதையும், நெட்37 இல்லாதபோது அக்காரணி குறைவாகச் சுரக்கப்படுவதையும் அவர்கள் கண்டனர்.

இந்த வேலை கவனமாகச் செய்யப்பட்ட நல்ல வேலை. அதை அடியொற்றியே மயோர்க் என்ற பெயர் பட்டியல்களில் ஏறியது. அதிகாரபூர்வ விரிவில் "கருதப்படும்" என்று பொருள்படும் ஓர் அடைமொழியும் சேர்க்கப்பட்டது. நொதி என்ன வெட்டுகிறது என்பதை அப்போது யாரும் நேரடியாக அளந்திருக்கவில்லை. ஒரு வகைச் செல்லில் செய்யப்பட்ட சோதனை ஒரு மரபணுவின் நிரந்தரப் பெயராவது அறிவியலில் அடிக்கடி நிகழ்வதே. பெயர் ஒரு வேலையைச் சுட்டுகிறது, மற்ற வேலைகளை மறுப்பதில்லை என்பதை வாசகர்தான் நினைவில் கொள்ள வேண்டும்.

2018: மூளைக்குத் திரும்புதல்

நலமான பெற்றோருக்குப் பிறந்த நோயாளிகளைப் பற்றிய கேள்விக்குச் சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் விடை கிடைத்தது. ஃபூஜோ நகரத்தின் நரம்பியலாளர் வான்-ஜின் சென் குழுவினர், ஒடுங்கு முறையில் நோய் வந்த குடும்பங்களைத் தேடித் திரட்டினர். ஒடுங்கு முறையில் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரு படிகளும் பழுதாக இருந்தால்தான் நோய் வரும். ஒரு படி மட்டும் பழுதான பெற்றோர் பொதுவாக நலமாகவே இருப்பர். பெற்றோர் இருவரும் இத்தகைய கடத்துநர்களாக இருந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

அவர்கள் கையாண்ட முறைகளில் ஒன்றுக்கு நீண்ட மரபு உண்டு. அரிய ஒடுங்கு நோய்கள் உறவுக்குள் மணந்தோரின் பிள்ளைகளிடம் மிகுதியாகத் தோன்றுவதை ஆர்ச்சிபால்ட் கேரட் 1902இலேயே, சிறுநீர் கறுக்கும் ஆல்கப்டோனூரியா நோயில் கவனித்தார். பெற்றோருக்குப் பொதுவான ஒரு மூதாதையரிடமிருந்து வந்த அதே பழுதான துண்டு, இரு வழியாகவும் பிள்ளையை அடைவதே காரணம். எனில் நோயாளியின் குரோமோசோம்களில் இரு படிகளும் முற்றிலும் ஒத்திருக்கும் நீண்ட பகுதிகளைத் தேடினால் காரணமான மரபணு அங்கேதான் இருக்க வேண்டும். எரிக் லேண்டரும் டேவிட் போட்ஸ்டைனும் 1987இல் இதை ஒரு வரைபட முறையாக வகுத்தனர். சென் குழுவினர் இதனோடு, மரபணுத் தொகுதியில் புரதத்துக்கான பகுதிகள் அனைத்தையும் ஒருங்கே வாசிக்கும் முறையையும் சேர்த்தனர்.

தேடல் 9ஆம் குரோமோசோமில் போய் நின்றது. பழுதான மரபணு மயோர்க். தொடர்பற்ற பல குடும்பங்களில் அதன் இரு படிகளிலும் சடுதிமாற்றங்கள் இருந்தன. அடுத்து அவர்கள் எலிகளிடம் சென்றனர். எலி மூளையில் இம்மரபணு நரம்புச் செல்களில் அன்றி, ஆஸ்ட்ரோசைட்டுகள் எனப்படும் நட்சத்திர வடிவத் துணைச் செல்களில்தான் இயங்கியது. மரபணுவை நீக்கிய எலிகளின் மூளையில் 9 மாத வயதில் கால்சியப் படிவுகள் தோன்றின. தசையாக்கத்தின் பெயரைத் தாங்கிய மரபணு, மூளைச் சுண்ணமேற்றத்துக்கு ஒடுங்கு முறைக் காரணமாக அறியப்பட்ட முதல் மரபணு ஆயிற்று.

ஆஸ்ட்ரோசைட்டுகளின் கால்கள் மூளையின் நுண் இரத்தக் குழாய்களை உறைபோலச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. 2013இல் கண்டறியப்பட்ட இரு மரபணுக்களும் அதே குழாய்ச் சுவரைச் சார்ந்தவை. பாஸ்பேட் கதவுகளும் இதே சுற்றுவட்டாரத்தில் உள்ளன. இரத்தக் குழாய், அதன் துணைச் செல், அதைப் பற்றிய ஆஸ்ட்ரோசைட் என்ற கூட்டமைப்பில் எங்கே விரிசல் விழுந்தாலும் ஈற்றில் சுண்ணம் படிகிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது. டெலாகூர் 1850இல் படிவைக் கண்டதும் குழாய்ச் சுவரில்தான்.

அடுத்த ஈராண்டுகளுக்குள் சீனாவுக்கு வெளியிலும், பிரான்ஸ், ஈரான், மத்திய கிழக்கு உட்படப் பல இடங்களிலிருந்து மயோர்க் குடும்பங்கள் பதிவாயின. நோயின் தோற்றமும் தெளிவடைந்தது. ஓங்கு முறை வகைகளில் படிவுகள் இருந்தும் அறிகுறியே இல்லாதோர் பலர் உண்டு. மயோர்க் வகையில் இரு படிகளும் பழுதானோர் பெரும்பாலும் நடுத்தர வயதில் அறிகுறிகளோடு வருகின்றனர். பேச்சுக் குழறல் முதன்மையானது. அதனோடு நடைத் தள்ளாட்டம், நடுக்குவாதம் போன்ற மந்தமும் விறைப்பும், சிலருக்கு நினைவுக் குறைவு. ஸ்கேனில் அடித்தள முடிச்சுகள் மட்டுமின்றிச் சிறுமூளையிலும் கால்சியம் மிகுந்திருக்கும்; சிறுமூளை சுருங்கியும் இருக்கும். மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் காணப்படும் வெண்புள்ளி, மயோர்க்கை நினைக்கச் செய்யும் குறிப்பாக மருத்துவர்களால் கொள்ளப்படுகிறது. ஒரு படி மட்டும் பழுதானோரில் சிலருக்கு முதிர்ந்த வயதில் சிறு படிவுகள் தெரிவதும் பதிவாகியுள்ளது. தசை நலிவு இந்நோயாளிகளின் அடையாளமாக அமையவில்லை. 2009ஆம் ஆண்டுச் சோதனை சொன்ன தசை வேலையை, உயிருள்ள மனித உடலில் வேறு புரதங்கள் ஈடுசெய்கின்றனவா என்பது தனிக் கேள்வி.

நொதி எதை வெட்டுகிறது?

அமினோ அமில வரிசையை வைத்துப் பார்த்தால் மயோர்க் கிளைக்கோசைடு நீராற்பகுப்பு நொதிகளின் 31ஆம் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தின் மற்ற மனித உறுப்பினர்கள் நன்கு அறியப்பட்டவர்கள். குடலில் சர்க்கரையைச் செரிக்கும் சுக்ரேஸ், எண்டோபிளாச வலையில் புரதங்களின் சர்க்கரைக் கிளைகளைச் சீவும் குளுக்கோசிடேஸ்-2, லைசோசோமில் கிளைக்கோஜனை உடைக்கும் நொதி ஆகியவை அவை. மூன்றாவது நொதி இல்லாவிடில் வருவது போம்ப் நோய். அது உண்மையிலேயே தசையைத் தாக்கும் நோய். இந்த உறவினர்கள் எல்லாம் குளுக்கோஸை வெட்டுபவர்கள் என்பதால் மயோர்க்கும் குளுக்கோஸைத்தான் வெட்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு.

2022இல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் மீக், கிடியன் டேவிஸ், கனடாவின் டேவிட் வோகாட்லோ முதலியோர் இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கினர். மயோர்க் புரதத்தைப் படிகமாக்கி அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டனர். பலவகைச் சர்க்கரைச் சேர்மங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, அது குளுக்கோஸைத் தொடவில்லை, கேலக்டோஸை வெட்டியது. அதுவும் எல்லாக் கேலக்டோஸையும் அன்று. கேலக்டோஸ் ஒரு குறிப்பிட்ட பிணைப்பில் குளுக்கோஸோடு சேர்ந்திருந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளும் மிகக் குறுகிய தேர்வு அதற்கு இருந்தது. நோயாளிகளிடம் கண்ட சடுதிமாற்றங்கள் புரத வடிவத்தில் எங்கே விழுகின்றன என்பதும் இதனால் தெரிந்தது.

மூளையின் ஆஸ்ட்ரோசைட்டுக்குள் இந்தப் பூட்டுக்குரிய உண்மையான சாவி, அதாவது மயோர்க் வெட்ட வேண்டிய இயற்கைச் சேர்மம் எது என்பதை அக்கட்டுரை தீர்க்கவில்லை. ஒரு சர்க்கரையை வெட்டாமல் விட்டால் ஏன் பாஸ்பேட்டும் கால்சியமும் குழாய்ச் சுவரில் இறுக வேண்டும் என்பதற்கான சங்கிலியில் நடுக் கண்ணிகள் இல்லை. ஏதோ ஒரு புரதத்தின் சர்க்கரைக் கிளை சீவப்படாமல் போவதால் அது தன் இடத்துக்குச் சென்று சேரவில்லை என்று ஊகிக்கலாம். 2009இல் தசைச் செல்லில் வளர்ச்சிக் காரணி சுரக்காமல் போனதும் இதே வகை ஊகத்துக்கு இடம்தருகிறது. அந்தப் பழைய தசை ஆய்வு இந்த வகையில் இன்னும் பயன்படக்கூடும்.

குடும்பங்களுக்கு மாறியது

மயோர்க்கைத் தொடர்ந்து 2020இல் ஜாம்2, 2022இல் சிஎம்பிகே2, 2024இல் என்ஏஏ60 என மேலும் மூன்று ஒடுங்கு முறை மரபணுக்கள் இந்நோய்க்குக் காரணமாக அறிவிக்கப்பட்டன. இவற்றுள் சிஎம்பிகே2 அதே ஃபூஜோ குழுவின் வேலை. 2012 வரை ஒரு மரபணுகூடத் தெரியாதிருந்த நோய்க்கு இன்று எட்டு மரபணுக்கள் உள்ளன.

படிந்த சுண்ணத்தைக் கரைக்கும் நிரூபணமான மருந்து எதுவும் இல்லை. நடுக்கம், வலிப்பு, மனச்சோர்வு ஆகிய அறிகுறிகளுக்கு மட்டுமே சிகிச்சை தரப்படுகிறது. அவ்வாறிருக்க மரபணுவின் பெயரைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் குடும்பக் கணக்கில் இருக்கிறது. எஸ்எல்சி20ஏ2 பழுதான ஒருவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பழுது செல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மயோர்க் பழுதான ஒருவரின் பிள்ளைகளோ அனைவரும் கடத்துநராவர், ஆனால் துணைவரும் கடத்துநராக இல்லாதவரை நோயாளியாவதில்லை. இங்கே அஞ்ச வேண்டியது நோயாளியின் உடன்பிறந்தோரைப் பற்றி. ஒரே ஸ்கேன் படம், இரு வேறு ஆலோசனைகள்.

துணைவர் உறவினராக இருந்தால் கணக்கு மீண்டும் மாறுகிறது. மாமன் மகள், அத்தை மகன் போன்ற முதல் நிலை உறவில் மணந்தோரின் பிள்ளைக்கு, எந்த ஒரு மரபணுவும் ஒரே மூதாதையர் படியாக இரு வழியிலும் வந்து சேரும் வாய்ப்பு 16இல் 1. தாய்மாமனை மணந்தால் அது 8இல் 1. இந்தியாவில் உறவுத் திருமணம் மிகுந்த மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று என்பதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே உறவில் மணந்த பெற்றோருக்குப் பிறந்த ஒருவர், நாற்பது வயதை ஒட்டிப் பேச்சுக் குழறலும் தள்ளாட்டமுமாக வந்து, ஸ்கேனில் சிறுமூளையிலும் பான்ஸிலும் வெண்மை தெரிந்து, இரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு சுரப்பும் இயல்பாக இருந்தால், "பெற்றோருக்கு இல்லையே" என்று பரம்பரையை விலக்கிவிட முடியாது. சோதிக்க வேண்டிய பட்டியலின் முன்வரிசையில் மயோர்க் இருக்கும். சோதனை முடிவுத் தாளில் தசையாக்கம் என்ற சொல்லைக் கண்டு, தங்களுக்குத் தசை நோய் ஏதும் இல்லையே என்று குடும்பத்தார் குழம்பினால், அந்தப் பெயர் வந்த கதையையும் மருத்துவர் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.